பட்டி பூசினால் துரு போய்விடுமா?

(சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரிடையரான சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருவன் மைக் முன்னால் வந்தால் பென்ஷன், சர்க்கரை வியாதி, 'அந்தக் காலத்திலே' என்று மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். செயலாளர் "உங்களுக்குப் பிடித்த எதையாவது பேசுங்கள்" என்று தாராளமாகச் சொல்லிவிட்டதால், நான் துருவைப் பற்றிப் பேசப் போகிறேன். பழைய கார்களில் பிடிக்கும் துரு, அந்தத் துருவின் மேல் யாரோ எப்போதோ செய்து வைத்த அரைகுறை டிங்கரிங் வேலை, இரண்டையும் சரி செய்வது எப்படி என்பதுதான் விஷயம்.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் இப்போது பழைய கார் வாங்கிப் புதுப்பிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் ஒருவர் பையன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கியிருக்கிறான். அமெரிக்காவில் ஒருவர் மாப்பிள்ளை ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். இரண்டு பேரும் அனுப்பிய போட்டோவில் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. பெயின்டைப் பார்த்துப் பழைய காரை எடை போடக்கூடாது என்று எனக்குக் கற்றுக் கொடுத்த ஊர் போர்ட் பிளேர்.

நான் கெமிஸ்ட்ரி பட்டதாரி. மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் வேலை. 1983 முதல் 1987 வரை அந்தமானில் இருந்தேன். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டது. நான் இருந்த காலத்தைப் பற்றிச் சொல்லும்போது பழைய பெயரையே சொல்கிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து கப்பலில் ஏறினால் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், அங்கே சுமார் 3,000 மில்லிமீட்டர். மே மாதம் ஆரம்பித்தால் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஊரின் எந்த மூலையிலிருந்து நடந்தாலும் சீக்கிரமே கடல் வந்துவிடும். ஆகவே உப்புக் காற்று வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். ஜன்னல் கொக்கி, சைக்கிள் செயின், குடைக் கம்பி, டிரங்குப் பெட்டியின் பூட்டு எல்லாம் ஒரே வருஷத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். அங்கே குடித்தனம் செய்த மாமிகளைக் கேட்டால் நான் சொல்வதைவிட அழகாகச் சொல்வார்கள்.

துரு எப்படிப் பிடிக்கிறது என்பதை இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன். நம் அகங்களில் இரும்பு தோசைக்கல்லை அலம்பி, துடைக்காமல் ஈரத்தோடு வைத்தால், மறுநாள் காலை பழுப்பு படர்ந்திருக்கும். எண்ணெய் தடவி வைத்தால் படராது. துருவின் சாஸ்திரம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. இரும்பின் மேல் நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்கிறது. ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. பக்கத்திலேயே இன்னோரிடத்தில் காற்றின் ஆக்சிஜன் தண்ணீரோடு சேர்ந்து, கரைந்த இரும்பிலிருந்து வந்த மின்னூட்டத்தை வாங்கிக்கொள்கிறது. நடுவில் மின்சாரம் ஓடுகிறது. தண்ணீரில் உப்பு கலந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும். உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் இயற்கையாக உண்டாகும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் உடைத்துவிடும்.

இன்னொரு விஷயம். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி தானாகவே கசிந்து நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே இழுத்துவிடும். எனவே மழையே பெய்யாத நாளிலும், காரின் தகட்டில் உப்புப் படிந்திருந்தால் அந்தத் தகடு நனைந்துதான் இருக்கும். அந்தமானில் கார் ஒரு நாளும் காய்வதில்லை என்று சொன்னால் மிகையாகாது.

இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடும் என்பதையும் கவனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மேலே பூசிய பெயின்ட் கொப்புளிப்பது அதனால்தான். கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே வேலை எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இனி காருக்கு வருகிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்மூர்க் கார். வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961-ல் அதைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கலோட்டி. 948 சி.சி. இன்ஜின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி சாயும். முதலில் இரண்டு கதவு. 1968-ல் வந்த மார்க் 3-ல் நான்கு கதவு. நம்மில் பலர் கல்யாண ஊர்வலத்தில் இதில்தான் வந்திருப்போம்.

அந்த நாளில் மற்ற கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக வார்த்த மாதிரி வர ஆரம்பித்திருந்தன. ஹெரால்டில் சேசி என்ற அடிச்சட்டம் தனி. அதன் மேல் உடல் துண்டு துண்டாக போல்ட்டில் உட்காரும். உடலைத் தாங்குவதற்காகச் சேசியிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் மாதிரி இரும்புப் பெட்டிகள் நீண்டிருக்கும். இரண்டு கதவு ஹெரால்டில் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றிவிட்டுத் துணிக்கூரை போட்டு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓட்டியவர்கள் உண்டு. இதே சேசியைக் குறுக்கி, பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டு, 1962-ல் ட்ரையம்ஃப் கம்பெனி செய்ததுதான் ஸ்பிட்ஃபயர். 1980 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்தன. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

போர்ட் பிளேரில் என் மேலதிகாரி ஒருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர். ரசனை உள்ளவர். 1984 கடைசியில் மெட்ராஸிலிருந்து துணிக்கூரை போட்ட ஹெரால்டு ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கிக் கப்பலில் வரவழைத்தார். ஹேடோ துறைமுகத்தில் இறக்கியபோது குங்குமச் சிவப்பில் ஜொலித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போவார். அபர்தீன் பஜாரில் நின்றால் கூட்டம் கூடும்.

ஒரு மழைக்காலம் முடிவதற்குள், கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பட்டையிலும் பின் மட்கார்டிலும் கொப்புளங்கள் வந்தன. விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. அதே சமயம், அவருக்குச் சில மாதங்களில் மாற்றல் உத்தரவு வரும் என்ற பேச்சும் இருந்தது. ஊரில் ஓர் இளம் பள்ளி ஆசிரியர் காரின் அழகில் மயங்கி, சார் ஊரை விட்டுப் போகும்போது தனக்கே கொடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவருக்கும் சின்னப் பெண் குழந்தை ஒன்று. ஆகவே மேலதிகாரியின் யோசனை சுலபமாக இருந்தது. "மேலே ஒரு பட்டி, ஒரு பெயின்ட். பிறகு அவர் பாடு." கெட்ட மனிதர் இல்லை. பழைய கார் விற்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் யோசிப்பார்கள்.

ஜங்லிகாட் பக்கம் ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய டிங்கர் ஒருவர் இருந்தார். எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மேலதிகாரி என்னையும் உடன் அழைத்துக் கொண்டு போனார். "நீ கெமிஸ்ட்ரி படித்தவன், வா" என்றார்.

மேஸ்திரி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிறிய காந்தத்தை வேட்டித் துணியில் சுற்றி, காரின் உடம்பெல்லாம் நகர்த்திக்கொண்டே போனார். பானெட்டில் பிடித்தது. கதவில் பிடித்தது. கீழ்ப்பட்டையில் பிடிக்கவே இல்லை. அந்த இடத்தில் இரும்பே இல்லை. பிறகு உளியால் லேசாகத் தட்டினார். ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே கொசுவலைக் கம்பி. அதற்குப் பின்னால் அடைத்து வைத்த பழைய செய்தித்தாள், ஈரத்தில் ஊறிக் களியாகக் கிடந்தது. அடியில் குனிந்து பார்த்தால், சேசியிலிருந்து நீளும் கைகளில் ஒன்றில், மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்து மேலே தார் பூசியிருந்தார்கள். எந்தப் பட்டறையில் யார் செய்த வேலையோ தெரியாது.

மேஸ்திரி அந்த இடத்தில் ஜாக்கியை வைத்துச் சுற்றினார். ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. ஜாக்கியின் தலை அப்பளத்தில் விரல் போவது போல உள்ளே போயிற்று.

"ஐயா, பட்டி போட்டு மூணு நாள்ல குடுத்துடலாம். ஆனா நான் போட மாட்டேன். இந்தக் கை மேலதான் சீட்டும் கதவும் நிக்குது. குழந்தைங்க உக்கார்ற எடம். வாங்கறவர்கிட்ட இதை எழுதிக் குடுத்துட்டு விப்பீங்கன்னா சொல்லுங்க, போடறேன்."

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் கெமிஸ்ட்ரியை மட்டும் சொன்னேன். பட்டி துருவை நிறுத்தாது. பட்டியில் சேர்க்கும் மாக்கல் தூள் ஈரத்தை உறிஞ்சும். பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் உப்பும் நீரும் மாட்டிக்கொண்டால் காய்வதற்கு வழியே கிடையாது. திறந்து கிடக்கும் துருவைவிட மூடிய துரு அபாயமானது, ஏனென்றால் அது கண்ணில் படாது. அவர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஆபீஸில், "முழுக்கச் செய்யச் சொல்லிவிட்டேன். பட்டியைப் போல ஐந்து பங்கு செலவு" என்றார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. மாமி என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வேலை எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு உபயோகப்படும்.

முதலில் மேஸ்திரி வேலையையே ஆரம்பிக்கவில்லை. "ஜனவரி வரட்டும்" என்றார். அந்தமானில் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் காய்ந்த மாதங்கள். அதற்குள் 20 கேஜ் தகடு, அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர் கனமுள்ளது, மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, பேட்டரியைக் கழற்றினார். பின்பெட்டியில் இருக்கும் பெட்ரோல் டாங்கையும் இறக்கிப் பட்டறைக்கு வெளியே கொண்டு போய் வைத்தார். நெருப்பு வேலைக்கு முன் இதைச் செய்யாதவரிடம் காரைக் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது, வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளில் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து டாக் அடித்துக் கொண்டார். கூரை இல்லாத கார் தொட்டில் மாதிரி. தாங்கும் இடத்தை அறுத்தால் நடுவில் தொய்ந்துவிடும்; பிறகு கதவு ஒரு நாளும் சரியாக மூடாது. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட்டார்.

நான்காவது, அறுப்பது. இதில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். துருவின் விளிம்பில் நிறுத்தக்கூடாது. வெள்ளையாக மின்னும் நல்ல தகடு வரும் வரை போக வேண்டும். உள்ளங்கை அளவு கொப்புளத்துக்கு ஒரு முழம் தகடு போனது. மேலதிகாரி அன்று பட்டறைப் பக்கம் வராமல் இருந்ததே நல்லது.

ஐந்தாவது, ஒட்டுவது. ஓட்டையின் மேல் தகட்டை ஏற்றி வைத்து ஒட்டினால் வேலை சுலபம்; ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் இடுக்கு விழும், அங்கே உப்பு நீர் தங்கும். மேஸ்திரி விளிம்போடு விளிம்பு பொருத்தினார். அப்போது கார்பைடு கேஸ் வெல்டிங்தான். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் ஈரத்துணி. இப்போது சி.ஓ.2 வெல்டிங் வந்துவிட்டதால் சூடு குறைவு, ஆனாலும் முறை அதேதான்.

ஆறாவது, இரசாயனம். வெட்டி எடுக்க முடியாத மூலைகளில் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்த பின், நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் தடவினோம். அது மிச்சமிருக்கும் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டெல்லி குதுப்மினார் வளாகத்தில் சுமார் 1,600 வருஷமாக நிற்கும் இரும்புத் தூணைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால்தான் அதன் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் உருவாயிற்று என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விரிவாக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். டெல்லியின் வறண்ட காற்றும் துணை. அந்தமான் கடற்கரையில் நட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். சில துரு மாற்றி மருந்துகளில் டானின் இருக்கும். அதுவும் நமக்குப் புதிதல்ல. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்களே, டானினும் இரும்பும் சேர்ந்த அதே கறுப்புத்தான் இது. ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்த மருந்துகள் மேல் துருவுக்குத்தான். ஓட்டையாகிப் போன தகட்டை எந்த மருந்தும் திரும்ப வளர்க்காது.

அமிலத்தைக் கழுவித் துடைத்துச் சூடு காட்டி உலர்த்தி, அன்றைக்கே துத்தநாகத் தூள் கலந்த பிரைமரை அடித்தாக வேண்டும். அந்த ஊரில் வெறும் தகட்டை ராத்திரி விட்டு வைத்தால் காலையில் மஞ்சள் பூத்துவிடும். துத்தநாகம் இரும்பைவிடச் சீக்கிரம் கரையும் குணமுள்ளது. பெயின்டில் கீறல் விழுந்தாலும் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும்.

ஏழாவது, உள்பக்கம். பெட்டி மாதிரி மூடிய பகுதிகளின் அடியில் நீர் வடிய ஓட்டைகள் இருக்கும். முன்பு வேலை செய்தவர்கள் அவற்றைத் தாராலும் பட்டியாலும் அடைத்திருந்தார்கள். மேஸ்திரி ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே கெட்டியான எண்ணெயைச் செலுத்தினார். தோசைக்கல் சாஸ்திரம்தான். இன்று இதற்கென்றே மெழுகு கலந்த ஸ்ப்ரே கிடைக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் பட்டி. ஆமாம், மேஸ்திரியும் பட்டி போட்டார்! பிரைமர் அடித்த கெட்டியான தகட்டின் மேல், நெளிவை நிரவ மட்டும், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். பட்டி கெட்ட பொருள் இல்லை. முகத்துக்குப் பவுடர் மாதிரி. எலும்பு முறிவுக்குப் பவுடர் போடக்கூடாது, அவ்வளவுதான்.

ஸ்பிட்ஃபயர் வாங்கியிருக்கும் மாப்பிள்ளைக்காக ஒரு வார்த்தை. ஹெரால்டில் கதவுக்குக் கீழே தெரியும் பட்டை வெறும் அலங்கார மூடி; பாரத்தைத் தாங்குவது சேசியும் அதன் கைகளும். ஸ்பிட்ஃபயரில் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டதால் அந்தக் கீழ்ப்பட்டையே பாரம் தாங்கும் உறுப்பு. பின்சக்கரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பியும் அங்கே உடலோடுதான் பூட்டப்பட்டிருக்கிறது. ஹெரால்டின் பட்டையில் பட்டி பூசினால் அது ஏமாற்று; ஸ்பிட்ஃபயரில் பூசினால் உயிருக்கே ஆபத்து. வெளிநாடுகளில் கடல் இல்லாத ஊரிலும் குளிர்காலத்தில் பனியைக் கரைக்க ரோட்டில் உப்பு தூவுகிறார்கள். அதனால் டெட்ராய்டில் ஓடிய காரும் அந்தமானில் ஓடிய காரும் அடியில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை இவை. துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கிய பின் கதவைத் திறந்து மூடுங்கள். மாட்டிக்கொண்டால் அடிச்சட்டம் பலவீனம். அடியில் புதிதாகக் கெட்டித் தார் பூசியிருந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோக்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. மழை நேராகப் படும் பானெட்டைவிட, மழையே படாத மட்கார்டின் உள்பக்கம்தான் அதிகம் துருப்பிடிக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது, மறைவிடத்தில் உப்பு தங்கிவிடுகிறது. எனவே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அலம்புங்கள். ஈரமான காரைத் தார்பாலினால் மூடாதீர்கள். அது துருவுக்கு நாமே போடும் பந்தல்.

சட்டத்திலும் இப்போது இதற்கு இடம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு முடிந்து 50 வருஷத்துக்கு மேலான, வணிகத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசியிலோ உடலிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே பழையபடி செய்வதுதான் வேலை, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது அல்ல.

துரு கார்க்காரர்களின் கவலை மட்டும் அல்ல. 1948-ல் அஸ்திவாரம் போட்டு 1953-ல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், துருவை ஆராய்வதில் உலகப் பெயர் பெற்றது. மண்டபம் கடற்கரையில் அவர்களுக்குச் சோதனைக் களம் உண்டு. நம்மில் பலர் பெசன்ட் நகரிலும் மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கடலோர அடுக்ககங்களில் இருக்கிறோம். பால்கனிக் கூரையில் காரை பெயர்ந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைத் தள்ளுகிறது என்று அர்த்தம். மேலே சிமென்ட் பூசி வெள்ளையடிப்பதும் அந்த ஹெரால்டில் செய்தித்தாள் அடைத்ததும் ஒன்றுதான். சங்கச் செலவு கூடுகிறதே என்று பார்க்காமல், கெட்டுப்போன காரையைப் பெயர்த்துக் கம்பியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி நேரத்தில் ஓர் அங்கத்தினர், "அந்தக் கார் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். 1986 நடுவில் மேலதிகாரிக்கு மாற்றல் வந்தது. ஆசிரியருக்கே விற்றார். செலவு செய்ததில் பாதிகூட விலையில் திரும்பவில்லை. சாவியோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தார். எங்கே அறுத்தது, எந்தக் கனத்தில் தகடு போட்டது, எந்த மூலை இன்னும் பலவீனம், எந்த ஓட்டையை அடைக்கக் கூடாது என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல அவர் கைப்பட எழுதியது. நான் 1987-ல் ஊர் திரும்பும் வரை அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொருவர், "நல்ல ரிப்பேர், மோசமான ரிப்பேர் என்று மெக்கானிசம் தெரியாதவன் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றார். நான் மேஸ்திரியின் கேள்வியையே பதிலாகச் சொன்னேன். வாங்குகிறவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு விற்க முடிகிற வேலை நல்ல ரிப்பேர். மற்றதெல்லாம் பட்டி.